பழைய பிக்கப்பில் முன்பக்க ரிஜிட் ஆக்ஸில் பொருத்துவது எப்படி: கடற்கரை வண்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம் முதல் மூக்கையூர் வரையிலும், வடக்கே தொண்டி வரையிலும், ஐஸ் பெட்டியும் வலையும் படகு டிரெய்லரும் இழுக்கும் பழைய பிக்கப்புகளில் முன் சஸ்பென்ஷனே முதலில் கைவிடுகிறது. விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ்களும் பால் ஜாயிண்டுகளும் உப்பில் இறுகுகின்றன. முன் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே மணல் புகுகிறது. டோர்ஷன் பாரின் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) பிடிமானம் துருவில் கரைகிறது. இவற்றை அகற்றிவிட்டு, இரு சக்கரங்களையும் ஒரே ஹவுசிங்கில் தாங்கும் ரிஜிட் ஆக்ஸிலைக் கமான் பட்டைகளின் (லீஃப் ஸ்பிரிங்) மேல் பொருத்தும் வேலையைத்தான் இந்த வழிகாட்டி விளக்குகிறது. முன்பக்கமும் இழுக்கும் 4 சக்கர இயக்க வண்டியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவதில் தொடங்குகிறார்கள். சரியான வரிசை வேறு: முதலில் அளவு, அடுத்து ஆக்ஸில், அதன் பிறகு ஸ்டியரிங்கின் அமைப்பு, அதற்குப் பிறகே வெட்டு. ஸ்டியரிங் எங்கே அமரும் என்பது தீர்மானமாகாமல் கமான் பட்டையின் தாங்கியைப் பற்றவைத்தவர்கள், அதை அறுத்தெடுத்து மீண்டும் பற்றவைக்க நேர்கிறது. அறுத்த இடத்தில் சேசிஸ் முன்பிருந்த வலிமையோடு இருப்பதில்லை.

1. அனுமதியும் சேசிஸின் நிலையும்

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே பொதுச் சாலையில் ஓடவேண்டிய வண்டி என்றால், வேலை தொடங்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் பெறுங்கள். அனுமதி கிடைக்காத வண்டி, உப்பளம், பனங்காடு, படகுத்துறை முற்றம் போன்ற தனியார் இடத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியாகவே இருக்கவேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம், விபத்து நேரும் நாளில் வண்டிக்காரரையும் அவர் மோதியவரையும் சேர்த்தே பாதிக்கும்.

அடுத்தது சேசிஸ். நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, முழுமையாக உலர்ந்தபின், சிறு சுத்தியலால் சேசிஸ் சட்டங்களை முன்முனையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்குக் கீழ்வரை தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே செதில் செதிலாகத் துரு பிடித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பெட்டி வடிவச் சட்டத்தில் துரு உள்ளிருந்து வெளியே வருவதால், வெளியே பூசிய கறுப்பு பெயிண்டை நம்பக்கூடாது. தாங்கிகள் அமரவேண்டிய இடங்கள் மெலிந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மெலிந்த சட்டத்தின் மேல் தடித்த தகட்டைப் பற்றவைத்தால், தகட்டின் விளிம்பை ஒட்டியே சட்டம் கிழியும்.

2. அளவெடுத்தல்

வண்டி சமதளத்தில் நிற்கவேண்டும். கடற்கரை ஊர்களில் எளிதில் கிடைப்பது மீன் காயவைக்கும் சிமெண்ட் தளம். ஆனால் தண்ணீர் வடிவதற்காக அதில் வாட்டம் விட்டிருப்பார்கள். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் மட்டத்தால் நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைச் சரிபார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடு வைத்துச் சமப்படுத்துங்கள். தளம் சாய்ந்திருந்தால் பின்னால் எடுக்கும் ஒவ்வொரு கோணத்திலும் அந்தப் பிழை ஏறிவிடும்.

பெட்ரோல் அல்லது டீசல் டேங்க் நிறைந்திருக்கட்டும். பின் தட்டில் வழக்கமான சுமைக்கு நிகரான மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். வெற்று வண்டியில் அளவெடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. 2800 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் சுமையால் பின்புறம் 50 மில்லிமீட்டர் தாழ்ந்தால், சேசிஸ் ஏறக்குறைய 1 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. கேஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) பினியன் கோணமும் (ஆக்ஸிலுக்குள் சுழற்சியைக் கொண்டுசெல்லும் பல்சக்கரத் தண்டின் சாய்வு) அதே அளவு மாறும். எனவே வெறும் வண்டி, சுமையேற்றிய வண்டி என்ற இரு நிலைகளிலும் அளவெடுத்து எழுதிவையுங்கள்.

எடுக்கவேண்டியவை: சக்கர மையத்திலிருந்து சேசிஸின் அடிவரை உள்ள உயரம், இரு பக்கமும், வீல்பேஸ், இரு பக்கமும், முன்சக்கர மையத்திலிருந்து எதிர்ப்பக்கப் பின்சக்கர மையம் வரை குறுக்களவு, சக்கரம் ஹப்பில் அமரும் முகங்களுக்கு இடையிலான அகலம், எஞ்சினின் ஆயில் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) தரையிலிருந்து நிற்கும் உயரம். சேசிஸில் மாறாத சில துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து, அதைச் சுற்றி பெயிண்டால் அடையாளம் இடுங்கள். பழைய சஸ்பென்ஷன் கழன்றபின் முன்சக்கரம் எங்கே நின்றது என்பதைச் சொல்ல அந்தப் புள்ளிகள் மட்டுமே எஞ்சியிருக்கும்.

3. ஆக்ஸிலைத் தேர்ந்தெடுத்தல்

பழைய மகேந்திரா ஜீப்களின் முன் ஆக்ஸில் கமான் பட்டையின் மேல் அமரும் ரிஜிட் வகை என்பதால், காயலான் கடைகளில் பலரும் அதைத்தான் தேடுகிறார்கள். ஜிப்ஸியின் முன் ஆக்ஸிலும் அதே வகைதான்; ஆனால் அது சிறிய, எடை குறைந்த வண்டிக்கு ஆனது. சுமை ஏற்றும் பிக்கப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்த ஆக்ஸிலாக இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும் பக்கம். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (சக்தியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரிக்கும் பெட்டி) முன்னோக்கி வரும் ஷாஃப்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ, ஆக்ஸிலின் டிஃபரன்ஷியலும் அதே பக்கம் இருக்கவேண்டும். பக்கம் மாறிய ஆக்ஸிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஹவுசிங்கைத் தலைகீழாகத் திருப்பினால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும், உயவு எண்ணெயும் சேரவேண்டிய இடத்துக்குச் சேராது.

இரண்டாவது, பல் விகிதம். கிரவுன் வீலில் 43 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் விகிதம் 5.38, 41க்கு 10 என்றால் 4.10. திறக்காமல் அறியவேண்டுமானால், ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். பின் ஆக்ஸிலின் விகிதமும் இதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். 4.10க்கு 4.11 இருந்தால் பொருட்படுத்தவேண்டியதில்லை. 4.10க்கு 4.30 என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 5 சதவீதம்; நான்கு சக்கரமும் இழுக்கும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் முன்னும் பின்னும் 5 மீட்டர் அளவுக்கு ஒன்றோடொன்று போராடும். இளமணலில் டயர் சறுக்கி அதை விழுங்கிவிடும். கெட்டித் தரையில் கிராஸ் (ஷாஃப்டின் மூட்டு) அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

மூன்றாவது, அகலம். பழைய அகலத்தோடு ஒவ்வொரு பக்கமும் 25 மில்லிமீட்டர் வரை வேறுபட்டால் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால், தடித்த ஸ்பேசர் வைத்துச் சரிசெய்வது ஹப் பேரிங்கின் மேல் சுமையைக் கூட்டுகிறது. வேறு ஆக்ஸில் தேடுவதே நல்லது.

வாங்கிய ஆக்ஸிலை வண்டிக்கு அடியில் கொண்டுபோவதற்கு முன் தரையில் வைத்தே முழுமையாகப் பிரித்துச் சீர்செய்யுங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்குகளை மாற்றாமல் மூடாதீர்கள். கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங்கின் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசால் இழுத்து, அந்த ஆக்ஸிலுக்குரிய கையேடு சொல்லும் அளவில் வையுங்கள். இங்கே விடப்படும் தளர்வு பின்னர் ஸ்டியரிங் நடுக்கமாக வெளிப்படும். அப்போது காரணம் தெரியாமல் ஊரில் உள்ள எல்லோரையும் கேட்கவேண்டியிருக்கும். ஹவுசிங்கின் மூச்சுக்குழாயை நீட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் கடல்நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் வழியே உப்புநீரை உறிஞ்சும்.

4. ஸ்டியரிங்கைத் தாளில் தீர்மானித்தல்

இந்த வேலையின் நடுநாயகம் இதுதான். பழைய சஸ்பென்ஷனோடு ரேக் வகை ஸ்டியரிங் இருந்தால் அது ரிஜிட் ஆக்ஸிலுக்கு ஆகாது. சேசிஸில் பொருத்தும் ஸ்டியரிங் பாக்ஸ் வேண்டும். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் என்பதால் பாக்ஸ் வலப்பக்கச் சட்டத்தில் அமரும். டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து தொங்கும் கை) முன்பின்னாக அசையும் பாக்ஸ், டிராக் லிங்க்கை (அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) வலச்சக்கரத்துக்கு நேராகத் தள்ளும். டிராப் ஆர்ம் இடவலமாக அசையும் பாக்ஸ், டிராக் லிங்க்கைக் குறுக்காக இடச்சக்கரத்துக்கு அனுப்பும். இடம் கிடைக்குமானால் இரண்டாவதே மேல். லிங்க் நீளமாக இருப்பதால் ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது அதன் கோணம் குறைவாகவே மாறும்.

கோணம் ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ளவேண்டும். டிராக் லிங்க்கின் ஒரு முனை சேசிஸோடும் மறுமுனை ஆக்ஸிலோடும் இருக்கிறது. அது அதிகமாகச் சாய்ந்து நின்றால், சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது அதன் கிடைமட்ட நீளம் மாறி, ஓட்டுநர் கை அசைக்காமலேயே சக்கரம் திரும்பும். சுமையோடு நிற்கும் நிலையில் லிங்க் தரைக்கு இயன்றவரை இணையாக இருந்தால் இந்தத் தொல்லை மிகவும் குறையும்.

இதற்காக நீண்ட டிராப் ஆர்ம் பொருத்துவது பலரும் தேடும் எளிய வழி. அதை நான் ஏற்பதில்லை. ஆர்ம் நீள நீள பாக்ஸின் ஷாஃப்டிலும் சேசிஸ் சட்டத்திலும் விழும் முறுக்கு கூடுகிறது. பாக்ஸின் போல்ட் துளைகளைச் சுற்றிச் சட்டம் வெடிக்கிறது. மாறாக, சக்கரப் பக்கத்து ஸ்டியரிங் ஆர்மைக் கமான் பட்டைக்கு மேலே உயர்த்தி, லிங்க்கை மேலே கொண்டுவாருங்கள். அந்த ஆர்ம் அடித்து உருவாக்கிய இரும்பு. அதைச் சூடாக்கி வளைப்பதோ, வெட்டிப் பற்றவைப்பதோ எக்காரணம் கொண்டும் கூடாது. தேவையான வடிவில் ஆர்ம் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை வேலையை நிறுத்திவையுங்கள்.

பாக்ஸ் அமரும் இடத்தில் சட்டத்தின் வெளியே தகடும், போல்ட்டுகள் கடக்கும் இடத்தில் சட்டத்தின் ஊடே குழாய்ப் புஷ்ஷும் வைக்கவேண்டும். புஷ் இல்லாமல் இறுக்கினால் பெட்டிச் சட்டம் நசுங்கும். நசுங்கிய அளவு போல்ட் தளரும். டிராக் லிங்க், டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) இரண்டையும் இணைப்பில்லாத (சீம்லெஸ்) தடித்த குழாயில் லேத் பட்டறையில் மரை வெட்டிச் செய்துகொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயில் செய்ததை இப்பகுதியில் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

5. பழைய சஸ்பென்ஷனைக் கழற்றுதல்

பேட்டரியைக் கழற்றுங்கள். சேசிஸை நான்கு இடங்களில் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். மணல் தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் அகலத் தகடு வேண்டும். டோர்ஷன் பாரில் முறுக்கு அடைபட்டிருக்கிறது. அதன் சரிசெய்யும் போல்ட்டை முழுமையாகத் தளர்த்தி, முறுக்கு இறங்கியதை உறுதிசெய்த பிறகே விஷ்போனைத் தொடவேண்டும். துருவில் இறுகிய போல்ட்டைச் சூடாக்கும்போது பிரேக் ஆயில் குழாயும் எரிபொருள் குழாயும் எங்கே போகின்றன என்பதை முதலில் பாருங்கள்.

பழைய சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமே பல வண்டிகளில் இரு சேசிஸ் சட்டங்களையும் பிடித்துவைத்திருக்கிறது. அதை வெட்டியவுடன் சட்டங்கள் உள்ளேயோ வெளியேயோ நகரும். எனவே வெட்டுவதற்கு முன்பே முன்முனையில் ஒரு தற்காலிகக் குறுக்குக் கம்பியைப் பற்றவைத்து அகலத்தை நிலைநிறுத்துங்கள். பிராக்கெட்டுகளைச் சட்டத்தை ஒட்டி வெட்டாமல் 10 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மீதியைக் கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். சட்டத்தில் விழும் சிறு கீறலும் பின்னால் வெடிப்பின் தொடக்கமாகும்.

6. கமான் பட்டையும் தாங்கிகளும்

பட்டைகளைச் சேசிஸ் சட்டங்களுக்கு இணையாகவும், ஒன்றுக்கொன்று இணையாகவும் அமையுங்கள். தரையில் குறித்த புள்ளிகளிலிருந்து ஆக்ஸிலின் இடத்தை எடுத்து, இரு பக்க வீல்பேஸும் குறுக்களவும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள்.

பட்டை அழுந்தும்போது நீள்கிறது. அந்த நீட்சிக்கு ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) இடம் கொடுக்கவேண்டும். சுமையோடு நிற்கும்போது ஷாக்கிளின் பட்டை முனை, பட்டையின் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும். உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நேரத்தில் ஷாக்கிள் மறுபுறம் மடிந்து சிக்கிக்கொள்ளும். ஷாக்கிளை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதில் இரு கருத்து உண்டு. பின்னால் வைத்தால் மேட்டில் மோதும் ஆக்ஸில் சற்றுப் பின்வாங்குவதால் ஓட்டம் மென்மையாகிறது. ஆனால் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஆக்ஸிலையும் இணைக்கும் சுழல்தண்டு) நீள மாற்றம் கூடுகிறது. நீண்ட ஸ்ப்லைன் (நீண்டு சுருங்க இடம் தரும் பல் இணைப்பு) உள்ள ஷாஃப்ட் கையில் இருந்தால் பின்னால் வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் புள்ளிப் பற்றவைப்பாக மட்டுமே நிறுத்துங்கள். முழுப் பற்றவைப்பு 8 ஆம் கட்டத்தில்தான்.

7. கேஸ்டரும் பினியனும்

கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே கேஸ்டர். ரிஜிட் ஆக்ஸிலுக்கு 4 முதல் 6 டிகிரி வரை பொருந்தும். குறைந்தால் ஸ்டியரிங் திருப்பிய பிறகு தானாக நேருக்கு வராது, வேகத்தில் அலையும். மிகுந்தால் திருப்புவதற்குக் கை வலிக்கும். இரு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது.

கேஸ்டரும் பினியனின் கோணமும் ஒரே ஹவுசிங்கில் இருப்பதால், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். கேஸ்டரைக் கூட்டினால் பினியனின் மூக்கு கீழே இறங்கி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூர்மையாகும். இரண்டும் சரியாக வராதபோது பலர் பினியனைக் காப்பாற்றிக் கேஸ்டரைக் கைவிடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறானது. ஃப்ரீ வீலிங் ஹப் (முன்சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் ஹப்) இருந்தால் முன் ஷாஃப்ட் மணலில் மெதுவாகப் போகும்போது மட்டுமே வேலை செய்கிறது. சிறிய அதிர்வை அது தாங்கும். கேஸ்டரோ வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் வேலை செய்கிறது.

அளக்கும் முறை இது. ஆக்ஸிலின் பட்டைத் தட்டுகளைப் புள்ளிப் பற்றவைப்பில் வைத்து, எஞ்சினும் பாடியும் மணல் மூட்டைகளும் ஏறிய நிலையில் வண்டியைச் சக்கரத்தின் மேல் இறக்கி, சிலமுறை குலுக்கிப் பட்டைகளை அமரவிட்டு, கிங் பின்னின் கடைந்த முகத்தில் கோணமானியை வைத்து அளவிடுங்கள். பின் சுமையை இறக்கிவிட்டு மறுபடி அளவிடுங்கள். இரு நிலையிலும் கோணம் 4க்குக் கீழே போகாத இடத்தில் தட்டை நிறுத்துங்கள்.

ஷாஃப்டின் இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் இருந்தால் பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டைக் கிராஸ் இருந்தால் பினியன் நேராக அதை நோக்கவேண்டும்.

8. முழுப் பற்றவைப்பு

ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது திறந்த வெளியில் மிக் வெல்டிங் செய்யக்கூடாது. காற்று காப்பு வாயுவை அடித்துச் செல்வதால், பற்றவைப்புக்குள் நுண்துளைகள் விழும். வெளியே பார்க்க அழகாகவே இருக்கும். கம்பி வெல்டிங்கில் 7018 கம்பியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் கம்பி. ஈரமான கம்பி பற்றவைப்புக்குள் ஹைட்ரஜனைப் புகுத்தி, ஆறிய பிறகு வெடிப்பை உண்டாக்கும். பெட்டியைத் திறந்த பிறகு 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான அடுப்பில் வைத்து, சிறிது சிறிதாக எடுங்கள். வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்த கம்பியைச் சேசிஸுக்குப் பயன்படுத்தவேண்டாம். கடலோரக் காற்றில் இன்னும் முன்பாகவே ஒதுக்கிவிடுவது நல்லது.

பற்றவைக்கும் இடத்தைப் பளபளக்கும்வரை தேய்த்த பிறகும் துருக்குழிகளில் உப்பு தங்கியிருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, மறுபடி தேய்த்த பிறகே தொடங்குங்கள்.

ஆக்ஸில் குழாயில் ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் ஹவுசிங் வளையும். 25 மில்லிமீட்டர் துண்டுகளாக, ஒருபுறம் ஒன்று, எதிர்ப்புறம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்து, இடையிடையே ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூடாது. வார்ப்பிரும்பாக உள்ள டிஃபரன்ஷியல் கூட்டில் தட்டுகளைப் பற்றவைக்காதீர்கள். சாதாரணக் கம்பியில் அந்த இணைப்பு வெடித்துவிடும். எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டவேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங்கின் வழியே பாய்ந்து உருளைகளைப் பொசுக்கும். முடிந்தபின் ஆக்ஸில் ஷாஃப்டுகளைச் செருகிக் கையால் சுற்றிப் பாருங்கள். தடை இருந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது.

9. பிரேக், ஷாஃப்ட், தடுப்புகள்

பிரேக் ஹோஸின் நீளத்தைச் சக்கரம் முழுவதும் கீழே தொங்கி, ஸ்டியரிங் கடைசிவரை திரும்பிய நிலையில் அளவிடுங்கள். பழைய முன்பிரேக் டிஸ்க்காகவும் புதிய ஆக்ஸிலில் டிரம்மாகவும் இருந்தால், மாஸ்டர் சிலிண்டரும் பொருந்தவேண்டும். இல்லாவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும். டிரம்மில் ஈரமணல் தங்குவதால், டிஸ்க் உள்ள ஆக்ஸில் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

பம்ப் ஸ்டாப்பின் உயரத்தை ஆயில் சம்ப்பே தீர்மானிக்கிறது. சக்கரம் முழுவதும் மேலேறும்போது டிஃபரன்ஷியலுக்கும் சம்ப்புக்கும் இடையே 25 மில்லிமீட்டராவது இருக்கும்படி தடுப்பை அமையுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முழு ஏற்றத்தில் முட்டாமலும் முழு இறக்கத்தில் கழலாமலும் இருக்கிறதா என்பதை ஜாக்கியால் உயர்த்தியும் இறக்கியும் பாருங்கள். இரு முனைக் கிராஸ் கவைகளும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும்.

10. முதல் ஓட்டம்

யூ போல்ட்டுகள் (ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டும் வளைந்த போல்ட்டுகள்) புதியவையாக இருக்கவேண்டும். ஒருமுறை இறுக்கியதில் மரை நீண்டுவிடுவதால் பழையவை மீண்டும் அதே இறுக்கத்தைத் தாங்குவதில்லை. வண்டி சக்கரத்தின் மேல் நிற்கும்போதே அவற்றையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் இறுதியாக இறுக்குங்கள். டோ இன் 2 முதல் 3 மில்லிமீட்டர்: டயர்களின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பு இடைவெளியைவிட அவ்வளவு குறைவாக இருக்கவேண்டும்.

முற்றத்துக்குள் நடை வேகத்தில் தொடங்கி, இருபுறமும் முழுமையாகத் திருப்பி, டயரோ டிராக் லிங்க்கோ எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள். கடற்கரை மணலில் சோதிக்கும் ஆசையை விடுங்கள். ஆமைகள் முட்டையிடும் கரை அது, வனத்துறையின் கட்டுப்பாடும் உண்டு. பனங்காட்டு மணலே போதும். ஸ்டியரிங் கடுமையாக நடுங்கினால் உடனே டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் கருவி) வாங்கி மாட்டாதீர்கள். அது நடுக்கத்தை மறைக்கும், காரணத்தை நீக்காது. கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், பாக்ஸ் போல்ட்டுகள், கேஸ்டர், டோ இன் என்ற வரிசையில் தேடுங்கள்.

50 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். 200 கிலோமீட்டரில் இன்னொரு முறை. உப்புநீரைத் தொட்ட ஒவ்வொரு நாளும் மாலையில் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, வாரம் ஒருமுறை கிங் பின்னுக்கும் ஷாக்கிளுக்கும் கிராஸுக்கும் கிரீஸ் அடியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பும் மழை ஓய்ந்த தை மாதத்திலும் டிஃபரன்ஷியல் ஆயிலின் நிறத்தைப் பார்த்து, ஸ்டியரிங் பாக்ஸைச் சுற்றிய சட்டத்தையும் தாங்கிகளின் பற்றவைப்பு விளிம்புகளையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, டார்ச் வெளிச்சத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.